அழாத தம்பி

ஜெபல் அலியில் களஞ்சியசாலை ஒன்றில் வேலை செய்பவன் நான். இன்று என் தம்பியைப் பற்றிக் கதைக்கப் போகிறேன்.

1991இல் மண்டபம் முகாமில் பிறந்தவன். வரிசையில் நின்றால் காதைப் பொத்துவான், கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் ஒரு வைத்தியர் ஓட்டிசம் என்றார். அப்போது அவனுக்கு இருபது வயது கடந்துவிட்டது.

போன வருடம் அப்பா காலமானார். தம்பி அழவில்லை. "வயிறு எரியுது" என்று மட்டும் சொன்னான். "கல்நெஞ்சுக்காரன்" என்றார்கள் உறவினர். நானும் தொலைபேசியில் ஏசினேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பிறகுதான் தேடி வாசித்தேன். ஓட்டிசம் உள்ள பலருக்கு உணர்வு இல்லாமல் இல்லை. உள்ளே எழுவதற்குப் பெயர் வைப்பதுதான் கடினம். துக்கம் வயிற்றெரிவாகவே தெரியலாம். 'அவர்களுக்கு எங்களைப் புரியவில்லை' என்பதும் பாதி உண்மைதான், எங்களுக்கும் அவர்களைப் புரிவதில்லை. ஓட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012இல் இதைத்தான் எழுதினார்.

லெஸ்லி கிரீன்பெர்க் முதலானோர் 1980களில் வளர்த்தெடுத்தது உணர்வுமையச் சிகிச்சை. ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் அனா ரொபின்சன் அதை ஓட்டிசம் உள்ள வளர்ந்தவர்களுக்காகக் குழுவாக நடத்தினார். ரொபேர்ட் எலியட்டுடன் சேர்ந்து 2017இல் அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். சிறு குழுவாக இருந்து கதைப்பதை வீடியோ எடுப்பார்கள். பிறகு சில இடங்களைப் போட்டுக்காட்டி, "அந்த நேரம் உங்களுக்குள் என்ன நடந்தது?" என்று கேட்பார்கள். கதைத்துக்கொண்டிருக்கும்போது நழுவிப்போனதை நிறுத்தி, ஆறுதலாகத் திரும்பிப் பார்க்கலாம். மற்றவரின் முகத்தையும் பார்க்கலாம். கண்ணைப் பார், சிரி என்று பழக்குவது அல்ல இது. சிறிய அளவில்தான் பரிசோதித்திருக்கிறார்கள், முடிந்த முடிவென்று சொல்லமுடியாது. பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை, வீட்டில் நாங்கள் செய்யக்கூடியதும் அல்ல.

ஆனால் அந்த ஒரு கேள்வியை மட்டும் கடன் வாங்கினேன். அப்பாவின் அந்தியேட்டி அன்று மச்சான் எடுத்த வீடியோ என் போனில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அறையில் மற்றவர்கள் நித்திரை. தம்பிக்கு அதை அனுப்பிவிட்டு, வீடியோ அழைப்பில் இருவரும் சேர்ந்து பார்த்தோம். எங்கே நிறுத்தவேண்டும் என்று அவனையே சொல்லச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன், அது எனக்குச் சுலபமில்லை. பிறகு சொன்னான்:

"இதில நிப்பாட்டு. அப்பான்ர கதிரைய அங்கால தூக்கி வைக்கினம். அப்ப எனக்கு நெஞ்சு இறுகினது. அதுதான் வெளியில போனனான்."

அன்று அவன் எழுந்து போனதை மரியாதையில்லை என்று பேசியவர்களில் நானும் ஒருவன்.

அம்மாவிடம் சொன்னேன். "ஒரு கதிரைக்கோ?" என்று கேட்டா. அவவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் கதிரை பழைய இடத்துக்கு வந்துவிட்டது.