கத்தரிக்கோல் கடைசியில்தான் கைக்கு வரும்

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



மானிடவியல் என்றதும், மண்டையோடுகளை அளக்கும் சாஸ்திரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒரு காலத்தில் அந்த வேலையும் அதில் நடந்தது உண்மையே. ஆனால் 1871-ம் ஆண்டிலேயே எட்வர்டு டைலர் என்ற ஆங்கிலேய அறிஞர் கலாசாரத்துக்கு விளக்கம் தந்தார். அறிவு, நம்பிக்கை, கலை, வழக்கம் எல்லாம் சேர்ந்ததே அது. சமுதாயத்தின் அங்கத்தினன் என்ற முறையில் மனிதன் அதைப் பெறுகிறான் என்றார். பெறுகிறான் என்ற சொல்லைக் கவனியுங்கள். ரத்தத்தோடு வருவதல்ல அது. "அவனுக்குக் குலத்தொழில், பிறவியிலேயே கைவந்தது" என்று நம் ஊரில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லை.

சரி, எப்படிப் பெறுகிறான்? ஜீன் லேவ் என்ற அமெரிக்க அம்மையார் 1970-களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று, லைபீரியாவின் தலைநகரான மன்ரோவியாவில் வை, கோலா இனத் தையல்காரர்களிடையே இதை ஆராய்ந்தார்.

அங்கே மாஸ்டர் பாடம் நடத்துவதில்லை. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதலில் கிடைப்பது, உடையைச் செய்து முடிக்கும்போது வருகிற வேலை: பித்தான் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது. பிறகு துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது. துணி வெட்டுவது எல்லாவற்றுக்கும் பின்னால்தான். உடைகளிலும் தொப்பி, உள்ளாடை என்று தொடங்கி சூட்டில் போய் முடிகிறது. தப்பாகத் தைத்தால் பிரித்துவிடலாம். தப்பாக வெட்டிய துணியை என்ன செய்வது? அதுமட்டுமல்ல, பித்தான் வைக்கும்போதே முழுச் சட்டையின் அமைப்பும் அவன் கண்ணில் படுகிறது. தைக்கும்போது, துண்டுகளை ஏன் அப்படி வெட்டினார்கள் என்பது புரிகிறது. நம் கடைகளில் காஜா எடுத்துத் தொழிலைத் தொடங்கிய தோழர்களுக்கு இதை நாம் சொல்லியா தெரியவேண்டும்!

ஊசியோடு வேறொன்றையும் அவன் கற்கிறான். எந்த அந்தஸ்துக்கு எந்த உடை என்பதன் வழியாக, லைபீரிய சமுதாயத்தின் மேல் கீழ் பாகுபாடுகளும் அவன் மனதில் பதிந்துவிடுகின்றன.

கடைக்குள் இருந்தால் மட்டும் போதுமா? லேவும் எட்டியென் வெங்கரும் 1991-ல் வெளியிட்ட நூலில் அமெரிக்காவின் பெரிய கடைகளில் இறைச்சி வெட்டப் பழகியவர்களின் கதையும் வருகிறது. இறைச்சியைப் பொட்டலம் கட்டும் இயந்திரத்தில் அவர்களை நிறுத்தினார்கள். தெரிந்த வேலையிலேயே ஆளை வைத்திருப்பது நிர்வாகத்துக்கு லாபம். ஒரு கடையில் அந்த இயந்திரம் தனி அறையில் இருந்தது. அடுத்த அறையில் கைதேர்ந்த தொழிலாளர்கள் இறைச்சியை வெட்டியது, அங்கே பழக வந்தவர்களின் கண்ணில் படவே இல்லை.