யொசெமிற்றிப் பள்ளத்தாக்கு: காப்பும் களிப்பும்



கோடைகாலத்து இரவு, மணி ஒன்பது. மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட செங்குத்துப் பாறையொன்றின் உச்சியில் மரப்பட்டைகளைக் குவித்து மூட்டிய நெருப்பு எரிந்தடங்கித் தணலாகக் கிடக்கின்றது. கீழே பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடி நின்று மேலே நோக்குகின்றனர். கீழிருந்து ஒருவர் உரத்த குரலில் அழைப்பு விடுக்க, மேலே நிற்பவர் அத் தணலை நீண்ட கோலொன்றினால் பாறையின் விளிம்புக்கு அப்பால் மெல்ல மெல்லத் தள்ளுகின்றார். பொன்னிறமான நெருப்பருவியொன்று இருளினூடே வழிந்து வீழ்கின்றது. கண்டோர் மெய்ம்மறந்து நிற்கின்றனர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கலிபோணியா மாநிலத்து யொசெமிற்றிப் பள்ளத்தாக்கிலே 1870 களில் தொடங்கிய இவ்வேடிக்கை, இடையிடையே நின்றுபோயினும், 1968 ஆம் ஆண்டு சனவரி மாதம்வரை நிலைத்தது. பின்னர் அதிகாரிகள் அதனை நிறுத்திவிட்டனர். விபத்து எதுவும் நிகழ்ந்தமையால் அன்று. நெருப்பருவியைக் காண வந்த கூட்டம் பசும்புற்றரைகளை மிதித்துத் துவைத்தது. மோட்டார் வண்டிகள் பாதைகளை அடைத்து நின்றன. அதற்கும் மேலாக, இயற்கையைக் காக்கவென ஒதுக்கிய இடத்தில் இத்தகைய செயற்கை வேடிக்கைக்கு இடமுண்டோ என்ற கேள்வியும் எழுந்தது. மக்களின் களிப்புக்காகக் காக்கப்பட்ட ஓரிடம் அக்களிப்பினாலேயே சீர்குலையுமாயின் செய்யத்தக்கது யாது? அப்பள்ளத்தாக்கின் வரலாறு முழுவதும் இக்கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளது.

சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சாரலில், கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடி உயரத்தில் யொசெமிற்றி அமைந்துள்ளது. நீளம் ஏழு மைல். அகலம் ஒரு மைலுக்கு மேற்படாது. இரு மருங்கும் கருங்கற் பாறைகள் மதில்போல் நிமிர்ந்து நிற்கின்றன. எல் கப்பிற்றான் என்னும் ஒற்றைப் பாறை மூவாயிரம் அடி உயர்ந்து நிற்பது. யொசெமிற்றி அருவி மூன்று படிகளாக 2425 அடி வீழ்வது. அடிநிலத்திலே மேர்செட் ஆறு வளைந்து செல்கின்றது. அதன் கரைகளில் ஊசியிலை மரங்களும் ஓக் மரங்களும் புற்றரைகளும் உள்ளன. பழங்காலத்துப் பனிக்கட்டியாறுகள் மலையைக் குடைந்து ஆக்கிய பள்ளத்தாக்கு இது.

இதனை ஆளற்ற காடாகவே பலர் எண்ணிவந்தனர். அது பெரும் பிழை. அவானிச்சி என்னும் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக இங்கு வாழ்ந்தனர். ஓக் மரத்துக் கொட்டைகளே அவர்களின் முதன்மையான உணவு. அம்மரங்கள் செழிக்கும்பொருட்டு அவர்கள் காலந்தோறும் சிறு தீ மூட்டிக் கீழ்ப்புதர்களை எரித்துவந்தனர். பின்னர் வந்தோர் வியந்து பாராட்டிய திறந்த புல்வெளிகள் அம்மக்களின் கைவண்ணமும் ஆகும். கலிபோணியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்டதும் வெள்ளையர் திரண்டு வந்தனர். 1851 ஆம் ஆண்டில் மரிப்போசாப் படையணி பள்ளத்தாக்கினுட் புகுந்து, அவர்களின் உறைவிடங்களை எரித்து, அவர்களை அங்கிருந்து துரத்தியது. அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள், 1855 இல், முதலாவது உல்லாசப் பிரயாணிகள் குழு அங்கு வந்து சேர்ந்தது. யொசெமிற்றியின் புகழைப் பேசுவோர் இவ்விரு ஆண்டுகளையும் ஒருங்கே நினைத்தல் வேண்டும்.

1864 ஆம் ஆண்டு யூன் மாதம் 30 ஆந் திகதி, உள்நாட்டுப் போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த வேளையில், சனாதிபதி ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்திற் கையொப்பமிட்டார். யொசெமிற்றிப் பள்ளத்தாக்கும், தெற்கே மரிப்போசாச் சோலையிலுள்ள மாபெரும் செக்கோயா மரங்களும், பொதுமக்களின் பயனுக்கும் பொழுதுபோக்குக்குமாக என்றென்றும் காக்கப்படவேண்டும் என்ற நிபந்தனையுடன் கலிபோணியா மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டன. இயற்கையழகுக்காகவே ஒரு நிலத்தை நாட்டின் நடுவண் அரசு ஒதுக்கிவைத்த முன்மாதிரி இதுவே.

அவ்வாறு ஒப்படைக்கப்பட்ட நிலத்தை மேற்பார்வை செய்த குழுவில் ஒருவர், நியூ யோர்க் நகரத்து மத்திய பூங்காவை வடிவமைத்த பிரெடரிக் லோ ஒல்ம்ஸ்ரெட். 1865 இல் அவர் ஓர் அறிக்கை எழுதினார். அழகிய இடங்கள் செல்வர்களுக்கே உரியனவாதல் கூடாது. அவற்றை எல்லார்க்கும் பொதுவாகக் காத்தல் குடியரசின் கடமை என்பது அவர் கொள்கை. அந்நாளில் அங்கு வந்தோர் ஆண்டுக்குச் சில நூற்றுவரே. ஆயினும், ஒரு நூற்றாண்டினுள் அத்தொகை இலட்சக்கணக்காகப் பெருகும் என்றும், ஒருவர் செய்யும் சிறு கேடு பலர் செய்யும்போது பேரழிவாகும் என்றும் அவர் எச்சரித்தார். அவ்வறிக்கை மாநிலச் சட்டசபையை எட்டவேயில்லை. 1952 இலேதான் அதன் வாசகம் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. 1954 இல் யொசெமிற்றிக்கு வந்தோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது. 2016 இல் ஐம்பது இலட்சத்தையும் தாண்டிற்று. எச்சரிக்கை பலித்துவிட்டது.

1868 இல் ஸ்கொத்லாந்திற் பிறந்த ஜோன் மியூர் என்னும் இளைஞர் கால்நடையாக இம்மலைகளுக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஆட்டுமந்தையொன்றின் பின்னே சென்று வேலை செய்தார். மலைப் புல்வெளிகளை மந்தைகள் வேரோடு மேய்ந்தழிப்பதைக் கண்ணாரக் கண்ட அவரே பின்னாளில் அவற்றைத் தடுக்குமாறு எழுதினார். அவருடைய எழுத்தும், சஞ்சிகை ஆசிரியரான றொபேட் அண்டர்வூட் ஜோன்சனின் முயற்சியும் சேர்ந்து, பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைநாடு 1890 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி தேசியப் பூங்காவாயிற்று. காவலுக்கு வந்தோர் குதிரைப்படையினர். அத்துமீறி மேய்ப்போரைத் தண்டிக்கத் தக்க சட்டம் அவர்களிடம் இல்லை. எனவே மேய்ப்பரைப் பூங்காவின் ஓர் எல்லையிலும், ஆடுகளை எதிரெல்லையிலும் கொண்டுசென்று விட்டனர். மேய்ப்பர் மந்தையைத் தேடிப் பிடிப்பதற்குள் பருவம் கழிந்துவிடும்!

1903 ஆம் ஆண்டு மே மாதத்தில் சனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ற் மூன்று இரவுகள் மியூருடன் காட்டிலே தங்கினார். ஒருநாள் இரவு பனி பொழிந்து போர்வைகளை மூடியது. மூன்றாண்டுகளின் பின், 1906 இல், பள்ளத்தாக்கும் மரிப்போசாச் சோலையும் மாநிலத்தின் பொறுப்பிலிருந்து தேசியப் பூங்காவுடன் இணைந்தன.

அதே 1906 ஆம் ஆண்டிலேதான் சான் பிரான்சிஸ்கோ நகரம் நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிந்தது. நகருக்கு நீர் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. யொசெமிற்றிக்கு வடக்கே, அதே பூங்காவினுள் இருந்த ஹெச்ஹெச்சிப் பள்ளத்தாக்கை அணைகட்டி நீர்த்தேக்கமாக்க நகரத்தார் விரும்பினர். மியூர் தமது கடைசி ஆண்டுகளை அதனை எதிர்ப்பதிலே செலவிட்டார். 1913 டிசம்பரில் அணைக்கு அனுமதியளிக்கும் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு டிசம்பரில் மியூர் காலமானார். 1923 இல் அணை எழுந்தது. இலட்சக்கணக்கான மக்களுக்குத் தெளிந்த குடிநீர் கிடைத்தது என்பதும் உண்மை. யொசெமிற்றிக்கு இணையென மியூர் போற்றிய ஒரு பள்ளத்தாக்கு நீருள் மூழ்கியது என்பதும் உண்மை. இரண்டையும் மறுப்பதற்கில்லை.

1916 இல் தேசியப் பூங்காச் சேவையை நிறுவிய சட்டம் இரு கடமைகளை விதித்தது. ஒன்று, இயற்கையையும் வனவிலங்குகளையும் காத்தல். மற்றது, மக்கள் அவற்றைக் கண்டு மகிழ வழிசெய்தல். அம்மகிழ்ச்சியும் வருங்காலத்தாரின் உரிமையைக் கெடாதவாறு அமைதல் வேண்டும். எழுத்தில் இணங்கிய இவ்விரண்டும் நடைமுறையில் அடிக்கடி மோதிக்கொண்டன.

சான்றுகள் சில காண்போம். மரிப்போசாச் சோலையில் இரண்டாயிரம் ஆண்டு வயதுடையதென மதிக்கப்பட்ட செக்கோயா மரமொன்றின் அடியை 1881 இல் குடைந்து, குதிரை வண்டிகள் ஊடே செல்ல வழி செய்தனர். அதனூடே சென்று படம் பிடிப்பது பிரயாணிகளுக்குப் பெருமையாயிற்று. 1969 இல் அம்மரம் பனியின் பாரந் தாங்காது வீழ்ந்தது. கரடிகளின் கதையும் இத்தகையதே. குப்பைமேட்டிலே விளக்கேற்றி, கரடிகள் எச்சில் உண்பதைக் கூட்டத்தாருக்குக் காட்டிய காலமும் இருந்தது. மனித உணவின் சுவையறிந்த கரடி, பின்னர் கூடாரங்களையும் மோட்டார் வண்டிகளையும் உடைக்கத் தொடங்கியது. 1998 ஆம் ஆண்டில் மாத்திரம் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட சம்பவங்கள் பதிவாயின. தீராத தொல்லை தந்தவற்றைக் கொல்லவும் நேர்ந்தது. குற்றம் கரடியினுடையதா? உணவை இரும்புப் பெட்டிகளிற் பூட்டிவைக்கும் விதி கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த பின்னர் அத்தொல்லை பெரிதுங் குறைந்தது.

காப்பாற்றுதல் என்பதையே தவறாக விளங்கிக்கொண்டதும் உண்டு. தீ காட்டின் பகைவன் என எண்ணி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் ஒவ்வொரு தீயையும் அணைத்துவந்தனர். செக்கோயாவின் பட்டை இரண்டடிவரை தடித்தது. சிறு தீ அதனைக் கொல்வதில்லை. மாறாக, தீயின் வெம்மையில் அதன் காய்கள் உலர்ந்து வெடித்து விதைகள் சிந்தும். சருகு எரிந்து வெறுமையான மண்ணிலேதான் அவ்விதைகள் முளைக்கும். தீயை விலக்கியதால் இளமரங்கள் தோன்றவில்லை. புதரும் சருகும் மலைபோற் குவிந்தன. 1960 களின் ஆராய்ச்சிகள் இதனை உணர்த்தின. 1970 முதல் அதிகாரிகள் தாமே அளவறிந்து தீ மூட்டலாயினர். அவானிச்சி மக்கள் அறிந்து செய்ததை, அவர்களைத் துரத்திய சமுதாயம் நூற்றிருபது ஆண்டுகள் கழித்துப் பாடமாகப் படித்தது. 2022 யூலையில் மரிப்போசாச் சோலையைக் காட்டுத்தீ நெருங்கியபோது, முன்னரே எரித்துத் துப்புரவாக்கிய நிலம் அம்முதுமரங்களுக்கு அரணாயிற்று.

களிப்பை நாடி வருவோரும் பாடம் கற்றனர். 1958 இல் எல் கப்பிற்றான் பாறையின் முகப்பு முதன்முதலாக ஏறப்பட்டது. பின்னர் உலகின் பல திக்குகளிலுமிருந்து பாறையேறுவோர் வந்தனர். அவர்கள் வெடிப்புகளில் அடித்துப் பிடுங்கிய இரும்பு முளைகள் பாறையைச் சிதைத்து வடுப்படுத்தின. அம்முளைகளைச் செய்து விற்றவரும், தாமே பாறையேறுவோருமான இவொன் சுய்னார்ட், 1972 இல், சுத்தியல் இன்றிக் கையாற் செருகி எடுக்கத்தக்க கருவிகளைப் பயன்படுத்துமாறு வற்புறுத்தினார். தமது வருவாயின் பெரும்பங்கைத் தந்த பொருளைத் தாமே கைவிடத் துணிந்தார். சில ஆண்டுகளுள் அப்புது வழக்கமே பரவியது. 2004 முதல் பாறையேறுவோரே முன்னின்று, ஆண்டுதோறும் தொண்டர்களைத் திரட்டிப் பள்ளத்தாக்கின் குப்பையை அகற்றி வருகின்றனர்.

நிருவாகத்தினரும் எல்லை வகுத்தனர். அரைக்குவிமாடம் எனத்தக்க ஹாவ் டோம் சிகரத்தின் கம்பிவடப் பாதையில் நெரிசல் பெருகவே, நாளொன்றுக்கு முந்நூறு பேரளவிற்கே அனுமதிச் சீட்டு வழங்கினர். 1997 சனவரி வெள்ளம் ஆற்றங்கரைக் கூடாரத் தலங்கள் சிலவற்றை அழித்தபோது, அவற்றை மீண்டும் கட்டாது ஆற்றுக்கே விட்டனர். 2015 முதல் 2018 வரை மரிப்போசாச் சோலையின் தார்ப் பாதைகளையும் வண்டித் தரிப்பிடத்தையும் பெயர்த்தகற்றி, மரவேர்களுக்கு நீரோட்டத்தை மீட்டளித்தனர். 2020 முதல் சில ஆண்டுகளில், நெரிசல் மிக்க நாட்களில் முன்பதிவு செய்தோரை மாத்திரமே பூங்காவினுள் அனுமதித்தனர். இதற்கு முணுமுணுப்பு எழாமலில்லை. பொதுச்சொத்தை ஒருவர் காண்பதற்கு மற்றொருவர் தடைவிதிப்பதா என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. செல்வர்க்கு மாத்திரமன்றி எல்லார்க்கும் என்பதன்றோ ஒல்ம்ஸ்ரெட்டின் கொள்கை? ஆயின், அந்த 'எல்லாருள்' இன்னும் பிறவாதோரும் அடங்குவர் என்பதை மறந்துவிடலாகாது.

இறுதியாக ஒன்று. எல் கப்பிற்றானின் கிழக்கு விளிம்பிலே மெல்லிய அருவியொன்று உண்டு. பெப்ருவரி மாதத்தில் சில நாட்களில், வானம் தெளிந்து அருவியில் நீரும் இருக்குமாயின், மறையும் ஞாயிற்றின் கதிர் பட்டு அது தணல்போல ஒளிரும். மனிதர் தள்ளிய நெருப்பை நிறுத்திய இடத்தில், இயற்கையே தனது நெருப்பருவியைக் காட்டுகின்றது. அப்பத்து நிமிடக் காட்சியைக் காணவும் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஆற்றங்கரையை மிதித்துச் சிதைத்தனர். அதற்கும் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. 1968 இன் கேள்வி அரைநூற்றாண்டின் பின் மீண்டும் வந்து வாயிலில் நின்றது.

ஆகவே, ஒரு காட்டைக் காத்தல் என்பது ஒருநாட் சட்டத்தினால் முடிந்துவிடும் கருமமன்று. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கெனப் புதிதாகச் செய்யவேண்டிய தொண்டு அது. அழகிய இடமொன்றிற்குச் செல்லும் ஒருவர் தமது ஓரடிச் சுவடு சிறிதென எண்ணலாம். தம்முன் சென்றோரையும் தம்பின் வருவோரையும் எண்ணிப் பார்ப்பாராயின், அவ்வடியைப் பார்த்து வைப்பார்.