நம் நாட்டுச் சமையலைப் போற்றுதல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, கைத்தொழில், விவாகச் செலவு முதலிய பொருள்களைப் பற்றி இம்மேடையில் அன்பர் பலர் பேசியுள்ளனர். இன்று யாம் அடுப்படியைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம். 'இஃதும் ஒரு பொருளோ?' என்று சிலர் நகைக்கக்கூடும். யாமும் ஒரு காலத்தில் அங்ஙனம் நகைத்தவரே. அந்நகைப்பினால் யாம் இழந்தது யாது என்பதையும், நீவிர் அதனை இழவாதிருத்தற்குச் செய்யத்தக்கது யாது என்பதையும் கூறுதலே இவ்வுரையின் நோக்கமாகும்.

யாம் கொங்குநாட்டில், மழையை நம்பிய ஒரு புன்செய்க் கிராமத்திற் பிறந்தவர். கம்பும் சோளமும் ராகியும் கொள்ளுமே எம் இளமையில் அன்றாட உணவு; நெற்சோறு நோன்பிக்கும் விருந்துக்கும் உரியது. கல்லூரியிற் பயின்ற நாளில், விடுமுறைக்கு நண்பர் ஒருவரை ஊருக்கு அழைத்து வந்தோம். எம் அன்னையார் கம்மஞ்சோறு ஆக்கி, மோர் கரைத்து, சின்ன வெங்காயம் உரித்து வைத்திருந்தார். அதனைக் கண்டு எமக்குப் பெரும் நாணம் உண்டாயிற்று. உள்ளே சென்று, 'இதையெல்லாமா அம்மா வந்தவங்களுக்கு வைப்பாங்க?' என்று கடிந்துகொண்டோம். அன்னையார் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. அண்டை வீட்டில் மாவு வாங்கி வந்து இட்டிலி ஊற்றினார். அதன்பின் எம்முடன் யார் வந்தாலும் அவர் கம்பை எடுத்ததில்லை.

இந்நாணம் எமக்கு மட்டும் உரியதன்று. 1955-ஆம் ஆண்டில் பவானிசாகர் அணை கட்டி முடிந்து கீழ்பவானிக் கால்வாயில் நீர் பாய்ந்தது. 1960-களில் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் வந்தது. குறுகிய காலத்தில் மிகுந்த விளைச்சல் தரும் புதிய நெல் வகைகளும் அக்காலத்தே வந்தன. 2011-ஆம் ஆண்டு முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றியே வழங்கப்பெறுகின்றது. இவற்றால் பசி நீங்கிற்று. அதனைப் பழிப்பவர் நன்றி மறந்தவராவர். ஆயினும், அரிசி செல்வத்தின் அடையாளமாகவும், கம்பும் களியும் வறுமையின் அடையாளமாகவும் நம் மனத்திற் பதிந்துவிட்டன. தானியம் வயலை விட்டு நீங்கியது. அதனைப் பக்குவம் செய்யும் அறிவும் அதன்பின்னே வீட்டை விட்டு நீங்கியது.

எம் அன்னையார் சில ஆண்டுகளுக்கு முன் இறைவனடி சேர்ந்தார். ஒரு மழைநாளில் உடல்நலமின்றிப் படுத்திருந்தபோது, அவர் வைக்கும் செலவு ரசத்தின் மீது எமக்கு நினைவு சென்றது. சுக்கு, மிளகு, திப்பிலி முதலிய சரக்குகளைச் 'செலவு' என்று வழங்குதல் நம் நாட்டு வழக்கமன்றோ? கடையிற் செலவு கிடைத்தது, பக்குவம் கிடைக்கவில்லை. எதை வறுப்பது, எதைப் பச்சையாக அரைப்பது என்று எவரும் அறிந்திலர். அன்னையாருடன் அத்தனை ஆண்டு வாழ்ந்தும் ஒரு நாளேனும் அடுப்பருகே நின்று கேட்டோமில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

அந்நிலையில் எம் தமக்கையாரின் மகள் ஊரிலிருந்து வந்தவள், ஒரு பழைய கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை எம் கையிற் கொடுத்தாள். பள்ளி விடுமுறைகளில் தன் அம்மிச்சியுடன் இருந்த காலத்தில், அவர் சமைத்தவற்றையெல்லாம் அவள் எழுதி வைத்திருந்தாள். 'எவ்வளவு போடோணும் அம்மிச்சி?' என்று கேட்டால், 'கைக்கு வந்ததைப் போடு கண்ணு' என்பதே விடையாம். அதற்கு அவள் ஓர் உபாயம் செய்தாள். அம்மிச்சி பாத்திரத்தில் இடுமுன் அக்கைப்பிடியைத் தராசில் இடச்செய்து நிறுத்துக் குறித்தாள். 'அம்மிச்சி கையில் ஒரு பிடி துவரம் பருப்பு, 40 கிராம்' என்று முதற்பக்கத்திலேயே இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் செலவு ரசம் இருந்தது. அன்றிரவு அதனைப் பார்த்து யாமே ரசம் வைத்துப் பருகினோம். அது முற்றும் அன்னையாரின் ரசமாக அமையவில்லை. எனினும் அவருடைய ரசம் என்று அறியக்கூடியதாயிருந்தது.

அந்நோட்டைப் படிக்கப் படிக்க, யாம் இகழ்ந்த சமையலில் எத்துணை நுட்பம் உண்டென்பது விளங்கிற்று. ஓரிரண்டு உதாரணம் கூறுவோம். இடியாப்பமும் சந்தகையும் ஒன்றென்றே பலர் எண்ணுவர். இடியாப்பத்தில் மாவைப் பிசைந்து, முதலிற் பிழிந்து, பின்னர் வேகவைப்பர். சந்தகையிலோ ஊறிய புழுங்கலரிசியை அரைத்து, முதலில் இட்டிலி போல் வேகவைத்து, சூடு ஆறுமுன் பிழிவர். ஆறினால் மாவு இறுகிக் கட்டையில் இறங்காது. ஆதலின் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றொருவர் அழுத்தவேண்டும். வீட்டார் பலர் கூடிச் செய்யும் பலகாரம் அது. தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து உண்டவர் அதன் சுவையை மறவார்.

இனிக் கம்பு. நீர் தெளித்துக் குத்தி, உமி புடைத்து, மறுபடி நொய்யாக இடித்து, கொதிநீரில் இட்டுக் கிளறி, உருண்டையாக்கி நீரிலிட்டு, மறுநாட் காலையில் மோருடன் உண்பது வழக்கம். நாள்தோறும் இடிப்பானேன், ஒருங்கே அரைத்து வைத்தால் ஆகாதோ எனின், ஆகாது. கம்பில் எண்ணெய்ப்பசை அரிசியினும் பன்மடங்கு மிகுதி; மாவான சில நாளில் அது கெட்டுக் கசக்கும். எழுத்தறியாத நம் பாட்டிமார் இதனைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவே. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், இன்று பட்டணத்துக் கடைகளில் இவை அழகிய பைகளில் விற்கப்படுகின்றன. நாம் நாணி விட்டதை உலகம் நாடி எடுக்கின்றது.

உணவைப் போற்றி எழுதுதல் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் பாணனுக்கு வழி கூறுங்கால், எயினர் குடியில் இன்னது கிடைக்கும், ஆயர் குடியில் இன்னது கிடைக்கும், உழவர் மனையில் இன்னது கிடைக்கும் என்று அடுக்கிச் சொல்கின்றது. வெண்ணெயில் வெந்த மாதுளம் பிஞ்சில் மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்ததையும், மாவடு ஊறுகாயையும் அப்புலவர் விடவில்லை. ஒவ்வொரு நிலத்தின் உணவையும் அதனதன் இயல்பில் வைத்துக் கூறினாரேயன்றி, ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தினாரல்லர்.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். நம் சமையல் நம் குலத்தார்க்கே உரியதென்று பெருமை பேசுதல் தகாது. அது நிலத்துக்கு உரியது. அத்தானியத்தை விதைத்தும் அறுத்தும் தந்த பண்ணையாட்களின் வீட்டிலும் அக்களியே வெந்தது. நாம் பழமை என்று கருதும் மிளகாயோ அமெரிக்கக் கண்டத்தினது. வாஸ்கோடகாமா 1498-இல் கள்ளிக்கோட்டையில் இறங்கிய பின்னரே போர்த்துகீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. மிளகு போன்ற காரமுடைய காய் என்றே அதற்குப் பெயரிட்டு நம்முடையதாக்கிக் கொண்டனர் நம் முன்னோர். அன்றியும், பழைய உணவைப் புகழும் ஆடவர் உலக்கை பிடித்தவர் யாரென்று எண்ணுதல் வேண்டும். தாய்மார்களின் தோள்வலியை மீண்டும் வேண்டி நிற்பது போற்றுதல் ஆகாது. இன்று அரைவை இயந்திரம் உண்டு. ஆடவர்க்கும் இரு கைகள் உண்டு.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களைச் சங்கத்தார் முன் வைக்கின்றோம்.

முதலாவது, ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் இல்லத்து மூத்த பெண்மணியிடம் ஒரு பக்குவத்தையேனும் கேட்டு, அவர் கைப்பிடியை நிறுத்து, எடையும் நேரமும் குறித்து எழுதுக.

இரண்டாவது, அவற்றுள் ஒன்றை மாதந்தோறும் நம் பத்திரிகையில் வெளியிடுக. தலைப்பின் கீழ் அவ்வம்மையாரின் பெயரும் ஊரும் இருத்தல் வேண்டும். 'இன்னாரின் மனைவி' என்பது போதாது. எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' என்னும் நூலைத் தம் பெயரால் 1951-இல் வெளியிட்டார். இன்றும் அது பல வீடுகளில் வழங்குகின்றது.

மூன்றாவது, நம் சங்கத்து ஆண்டுவிழா விருந்தில் ஒரு வேளையேனும் நம் நாட்டு உணவையே பரிமாறுக. சமைப்பதில் இளைஞர்களும் பங்குகொள்க.

உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடி, 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். செல்லுக்கு இரையான ஏடுகள் போக எஞ்சியவையே நமக்குக் கிடைத்தன. சமையலுக்கோ ஏடும் இல்லை. அது இருப்பது நம் அன்னையரின் கையில்; அக்கை ஓய்ந்தால் தேடுதற்கு ஓர் இடமும் இல்லை.

சென்ற தைமாதம், அன்று யாம் ஊருக்கு அழைத்து வந்த அந்நண்பர், முதுமையில் எம்மைக் காண வந்தார். நோட்டைப் பார்த்துக் கம்மஞ்சோறு ஆக்கி வைத்தோம். அவர் இரு முறை கேட்டு வாங்கி உண்டு, 'இதனை அன்றே ஏன் எமக்குக் கொடுக்கவில்லை?' என்று வினவினார். எம்மால் விடை கூற இயலவில்லை. அன்னையார் இருந்து அச்சொல்லைக் கேட்டிருக்கலாகாதா என்று மட்டும் எண்ணினோம்.

உங்களிற் பலர்க்கு அன்னையர் இன்னும் வீட்டில் இருக்கின்றனர். இக்கூட்டம் கலைந்து இல்லம் சென்றதும், ஒரு காகிதமும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அவர்கள் அருகே அமருமாறு வேண்டி, எமது உரையை முடித்துக்கொள்கின்றோம்.