சிப் முதலாளிகளின் போட்டியும் நம் பணமும்
(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பஞ்சாலையில் நூல் நூற்கும் நாமும், வயலில் நாற்று நடும் நாமும் இன்று சிப் என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறோம். நம் செல்போனுக்குள் இருப்பது அதுதான். மணலிலிருந்து பிரித்தெடுத்த சிலிக்கானை வட்டத் தகடாக அறுத்து, கண்ணுக்குத் தெரியாத கோடுகளை ஒளியால் பதித்து அதைச் செய்கிறார்கள்.

மணல் மலிவாயிற்றே, செலவு எங்கே என்று கேட்பீர்கள். யந்திரத்தில்தான் செலவு. மிக நுண்ணிய கோடு பதிக்கும் யந்திரத்தை நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். கம்பெனி ஒன்றுதான் விற்கிறது. ஒரு யந்திரம் 15 கோடி டாலருக்கு மேல்! சில வருஷங்களில் அதுவும் பழசாகிவிடும். ஆகவே விலை சரிந்தாலும் முதலாளி ஆலையை இரவு பகலாக ஓட்டுகிறான். சரக்கு குவிகிறது, விலை மேலும் சரிகிறது. பணமூட்டை பெரிதாக உள்ளவன் நிற்கிறான், மற்றவன் மடிகிறான்.

கம்ப்யூட்டரின் நினைவுச் சிப்பை எடுத்துக்கொள்வோம். 1985ல் ஜப்பானியரின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் அமெரிக்க இன்டெல் இத்தொழிலைக் கைவிட்டது. 2009ல் ஜெர்மனியின் கிமோண்டா திவாலாயிற்று. 2012ல் ஜப்பானின் எல்பிடா திவாலாயிற்று. மறுவருஷம் அதை அமெரிக்க மைக்ரான் விழுங்கியது. இன்று சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றின் கையில்தான் சந்தையின் பெரும்பகுதி இருக்கிறது.

போட்டி விலையைக் குறைக்கும் என்கிறார்கள். ஆனால் போட்டியாளர்களே இரகசியமாகக் கூடி விலையை நிர்ணயித்ததும் நடந்தது. அக்குற்றத்தை ஒப்புக்கொண்டு அமெரிக்காவில் 2005ல் சாம்சங் 30 கோடி டாலரும், ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலரும் அபராதம் செலுத்தின.

இந்தப் போட்டியின் பாரம் யார் தலையில் விழுகிறது? தென் கொரியாவில் சாம்சங் சிப் ஆலையில் உழைத்த ஓர் இளம் பெண் 2007ல் ரத்தப் புற்றுநோயால் மாண்டாள். அவளுடைய தகப்பனாரும் தோழர்களும் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகுதான், 2018ல் கம்பெனி மன்னிப்புக் கேட்டு நஷ்டஈட்டுக்கு இணங்கியது.

நம் பணமும் இதில் இருக்கிறது, தோழர்களே! 2021ல் மத்திய சர்க்கார் சிப் தொழிலுக்கென்று 76,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2023ல் குஜராத்தின் சானந்தில் மைக்ரான் அறிவித்த ஆலையின் திட்டச் செலவு 275 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 50 மத்திய சர்க்காரும், 20 குஜராத் சர்க்காரும் தருவதாக ஏற்பாடு. முதலீட்டில் பெரும்பங்கு மக்களுடையது. உடைமையும் லாபமும் கம்பெனிக்கு!

ஆலை வரட்டும், யந்திரம் நமக்குப் பகையல்ல. ஆனால் மக்கள் பணம் போகும் ஆலையில் நிரந்தர வேலை வேண்டும், ரசாயனங்களிலிருந்து பாதுகாப்பு வேண்டும், சங்க உரிமை வேண்டும். இவற்றை எந்த முதலாளியும் தானாகத் தரமாட்டான். 2024ல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங்கின் வீட்டுச் சாதன ஆலைத் தொழிலாளர்கள் சங்கத்துக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. அந்த வழியே நம் வழி!