முதலில் ஆடு வாங்குங்கள்
(ஜகாத் உதவி பெறுவோர் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

கால்நடை கேட்டவர்களில் அநேகர் கறவை மாடு என்றே எழுதியிருக்கிறீர்கள். முன்பு கணவரை இழந்த ஒரு தாய்க்கு நாங்கள் கலப்பினப் பசு வாங்கிக் கொடுத்தோம். தீவனத்துக்கே அவர் கடன்பட்டார். மடிநோய் வந்து பாலும் நின்றது. பாதி விலைக்கு விற்றார். தவறு அவருடையதல்ல, எங்களுடையது.

5 சென்ட் கொல்லைக்கு ஆடுதான் தோது. ஒன்றல்ல, இரண்டு பெட்டை வாங்குங்கள். தனி ஆடு கத்திக்கொண்டே கிடக்கும், ஒழுங்காகத் தீனி எடுக்காது. சினை 5 மாதம். பல ஆடுகள் இரண்டு குட்டி போடும். வேலியோரம் அகத்தி, கிளுவை இருந்தால் தழைக்கு அலைய வேண்டாம். கொட்டகைத் தரை மட்டும் ஈரமில்லாமல் இருக்கட்டும்.

பல்லைப் பாருங்கள். பால்பல் விழுந்து இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒரு வயது தாண்டியது. மடியையும் தொட்டுப் பாருங்கள், கட்டி இருக்கக் கூடாது. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போடுங்கள்.

பக்ரீத் நெருக்கத்தில் வாங்காதீர்கள். அது நீங்கள் விற்க வேண்டிய காலம். குர்பானிக்குக் கிடா ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே குட்டி பிறந்த தேதியைக் குறித்து வையுங்கள்.

சந்தைக்கு நாங்களும் வருகிறோம். தாய்மார்களும் வாருங்கள், வளர்க்கப் போவது நீங்கள்தானே.