எல்லைக் கல்லும் மனுத் தாளும்



சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழர் நால்வர் கூடினால் பேச்சு வடக்கெல்லையில் வந்து நிற்கும். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை எல்லையாகச் சொன்னது, ம. பொ. சி. முழங்கியது, மங்கலங்கிழார் பாடுபட்டது யாவும் நமக்கு மனப்பாடம். 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. பின்னர், படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டு வழங்கிய தீர்வு 1959-இல் சட்டமாயிற்று. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டக் கிராமங்கள் சில ஆந்திரத்துக்குப் போயின. சித்தூரும் திருப்பதியும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அவ்வழக்கை மீண்டும் நடத்துவதற்கு நாம் இங்கே கூடவில்லை. கல் நட்டாயிற்று. கல்லுக்கு இப்பால் வாழும் தமிழனுக்குச் சட்டம் எதைக் கொடுத்தது, அதை அவன் கேட்டானா என்பதே நாம் எழுப்பும் வினா.

அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவைப் பாருங்கள். குறை தீர்க்க வேண்டி எந்த அதிகாரிக்கும், ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்க எவருக்கும் உரிமை உண்டு என்கிறது அது. வாசிக்கத் தெரியாது என்று தாசில்தார் அலுவலகத்தில் தமிழ் மனுவைத் திருப்ப இயலாது. ஆனால் தமிழிலேயே மறுமொழி தரவேண்டும் என்று அப்பிரிவு சொல்லவில்லை. அதையும் மறைக்காமல் கூறிவிடுகிறோம். குற்ற வழக்கிலோ, குற்றம் சாட்டப்பட்டவருக்கு விளங்காத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டால், அவருக்கு விளங்கும் மொழியில் திறந்த நீதிமன்றத்திலேயே பெயர்த்துச் சொல்லவேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. வாய் திறந்து கேட்காமல் தலையசைத்துக்கொண்டு நிற்பவனுக்கு இதனால் பயன் யாது?

இனிப் பள்ளிக்கு வருவோம். நமக்கு உயிரான செய்தி இதுவே. 1956-இல் ஏழாவது திருத்தத்தின் வழியாக 350-அ பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்பது அதன் கருத்து. எத்தனை குழந்தைகள் இருந்தால் வசதி? 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி அளவு வகுத்தனர்: பள்ளி முழுவதிலும் நாற்பது பேர், அல்லது ஒரு வகுப்பில் பத்துப் பேர் இருந்தால் ஓர் ஆசிரியரையேனும் நியமிக்க வேண்டும்.

பத்து என்பது பெரிய எண்ணன்று. ஆயினும் சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்ற கட்டத்தில் நம்மவர் எழுதுவது என்ன? அண்டை வீட்டார் எழுதியதைப் பார்த்துத் தெலுங்கு என்று எழுதுகிறார்கள். அல்லது எழுத்தரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டிலே தமிழ் பேசும் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரு வகுப்பில் இருந்தாலும், பதிவேட்டில் நால்வர் என்றால் அரசின் கணக்குக்கு நால்வரே. தாய்மொழி இன்னதென்று தீர்மானிப்பவர் பெற்றோரே என்று 2014-இல் உச்ச நீதிமன்ற அரசியலமைப்பு அமர்வு கூறியிருக்கிறது. அத்தீர்மானத்தை நாம் அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்கலாமா?

பணியின் பொருட்டு வந்த நம் போன்றோருக்கு மாற்றல் ஆணை ஒரு நாள் வரும். மூட்டையைக் கட்டிக்கொண்டு சென்னைக்கோ மதுரைக்கோ போய்விடுவோம். தலைமுறை தலைமுறையாக இங்கே உழுதும் நெய்தும் வாழும் தமிழருக்கு வேறு ஊர் இல்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குத் திருப்பாவை ஒலியாக மட்டும் தெரிந்து எழுத்தாகத் தெரியாமற் போகும். மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஒலிக்கும் ஊரில் இது நேரலாமா?

350-ஆ பிரிவின்படி மொழிச் சிறுபான்மையோருக்கான ஆணையர் அலுவலகம் 1957-இல் தொடங்கிற்று. ஆணையர் ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கை அளிக்கலாம், கட்டளையிட முடியாது. பல்லில்லாத அலுவலகம் என்று சிலர் நகைப்பர். ஆனால் குறை எழுதி வராவிடில் அறிக்கையில் எதை எழுதுவது?

இதில் பகைமைக்கு இடமில்லை. எல்லைக்கு அப்பால் திருத்தணியிலும் ஓசூரிலும் தெலுங்கர் இதே கவலையோடு இருக்கின்றனர். 2006-இல் தமிழ்நாட்டில் தமிழ் கற்றல் சட்டம் வந்தபின் மொழிச் சிறுபான்மையோர் நீதிமன்றம் ஏறினர். நாம் இங்கே கேட்பதை அவர்கள் அங்கே கேட்டால் தவறென்று சொல்ல நமக்கு வாயில்லை. ஏன், ஆந்திரத்திலேயே அரசுப் பள்ளிகளை முற்றும் ஆங்கில வழியாக்கும் ஆணையை எதிர்த்து வழக்கு எழுந்து, 2020-இல் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கிற்று. தாய்மொழிக் கவலை தெலுங்கருக்கும் தம் வீட்டிலேயே வந்துவிட்டது.

ஆதலால் சங்கத்தின் முன் ஒரு வேலையை வைக்கிறோம். ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் வீடு வீடாகச் சென்று தமிழ்க் குழந்தைகளின் பட்டியலை எடுத்தல் வேண்டும். பள்ளிவாரியாகப் பிரித்து, பெற்றோர் கையொப்பத்துடன் மனு எழுதுதல் வேண்டும். இரு படிகள் எடுத்து, ஒன்றில் நாளும் முத்திரையும் பெற்றுக்கொள்க. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு புழங்கிய நாம் அறிவோம்: முத்திரையில்லாத மனு காணாமற் போகும், எண் பெற்ற மனுவுக்கு எவரேனும் பதில் எழுதியாக வேண்டும். திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் குறைகேட்பு நடைபெறுகிறது. அதற்கு ஒருவர் மட்டும் போகாமல் தாய்மார்களும் உடன் வருக.

பட்டியல் தாள்கள் வாயிலருகே மேசைமீது உள்ளன. விருந்துக்குச் செல்லுமுன் தத்தம் தெருவின் பெயரை அவற்றில் எழுதிச் செல்லுமாறு வேண்டுகிறோம்.