பந்தை வாங்கினார்கள், தலைமையைத் தர மறுத்தார்கள்!

(திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டார ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய விளையாட்டு விழாவில் ஆற்றிய உரை)

தோழர்களே!

உருக்காலையில் இரவு ஷிப்டு முடித்தவர்களும், வயலிலிருந்து கரையேறி வந்தவர்களும் இன்று ஒரே திடலில் கூடியிருக்கிறோம். கிரிக்கெட் பந்தயம் துவங்கு முன்னால், ஓர் உழைப்பாளி வீரரின் வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் பெயர் பல்வங்கர் பாலு.

கிரிக்கெட் என்றதும் நமக்கு ராஜாக்களின் பெயரைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 1896ல் இங்கிலாந்து அணிக்காக ஆடிய ராஜ வம்சத்து ரஞ்சித்சிங்ஜியின் பெயரில் கோப்பை இருக்கிறது. அதே காலத்தில் புனா நகரில் மைதானத்தை உருட்டிச் சமன் செய்த கூலியாளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாலு 1876ல் தார்வாரில் பிறந்தார். தோல் வேலை செய்வோர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சமார் குலம். தகப்பனார் ராணுவத்தில் சிப்பாய். பாலுவுக்குக் கிடைத்த முதல் வேலை புனாவில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில். மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892ல் வெள்ளையர்களின் புனா கிளப்புக்குப் போனார். சம்பளம் 4 ரூபாய் ஆயிற்று. தரையை உருட்டுவது, கோடு போடுவது, வலை கட்டுவது – இவைதான் வேலை.

துரைமார்கள் மட்டை பிடித்துப் பழக, பந்து வீச ஆள் வேண்டும் அல்லவா? பாலுவை வீசச் சொன்னார்கள். இடது கையால் மெதுவாகச் சுழற்றி வீசினார். கிரெய்க் என்ற வெள்ளை ராணுவ அதிகாரி அவர் பந்தில்தான் பழகினார். மணிக்கணக்காக, வருடக்கணக்காக வீசினார் பாலு. ஆனால் அந்தக் கிளப்பில் மட்டையை மட்டும் அவர் கையில் ஒரு நாளும் கொடுக்கவில்லை! பாடு கூலியாளுக்கு, ஆட்டம் எஜமானனுக்கு. இந்தச் சட்டம் நமக்குப் புதிதா என்ன?

வெள்ளையரைத் தோற்கடிக்க வேண்டும் என்று புனா இந்துக்களின் அணிக்கு ஆசை. பாலு இல்லாமல் முடியாது. ஆனால் அவர் தீண்டத்தகாதவர் ஆயிற்றே! வாதம் நடந்தது, கடைசியில் சேர்த்துக் கொண்டார்கள். மைதானத்தில் பதினோரு பேரும் அதே பந்தைத் தொட்டார்கள். தேநீர் வேளை வந்ததும் மற்றவர்கள் உள்ளே போவார்கள். பாலுவுக்கு வெளியே மண் குவளை. சாப்பாடும் தனி. தோல் வேலை செய்கிறவன் தொட்டால் தீட்டு. தோலால் செய்த பந்தைத் தொட்டால் தீட்டில்லை! வர்ணாசிரம தர்மத்தின் நியாயம் இதுதான், தோழர்களே.

பிறகு பாலு பம்பாய் சென்றார். ரயில்வேயில் வேலை பார்த்தபடி ஆடினார். 1906ல் இந்து அணி வெள்ளையர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்த வெற்றியில் பாலுவுக்குப் பெரும் பங்கு. தம்பி சிவராமும் கூட ஆடினார். பம்பாயில் அவரோடு ஒன்றாக அமர்ந்து உண்ணும் நிலையும் வந்தது.

1911ல் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது. காப்டன் பாட்டியாலா மகாராஜா. அவர் ஆடியது சில ஆட்டங்களே. ஆட்டந்தோறும் பாரம் சுமந்தவர் பாலு. அந்த ஒரே பயணத்தில் 114 விக்கெட்டுகள்! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக மட்டும் ஒரே இன்னிங்சில் 8 விக்கெட்டுகள்.

ஊர் திரும்பிய பிறகாவது இந்து அணிக்குக் காப்டன் ஆக்கினார்களா? இல்லை. குவளை கிடைத்தது, தலைமை கிடைக்கவில்லை. ஆண்டுகள் ஓடின. 1920ல் பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். காப்டன் பாய் ஆட முடியாமல் போனபோது, தகுதி பெற்ற தம்பி விட்டலை விட்டுவிட்டு வேறொருவரைக் காப்டன் ஆக்கினார்கள். விட்டலும் சிவராமும் என்ன செய்தார்கள்? "நாங்கள் ஆட மாட்டோம்" என்று சேர்ந்து வெளியேறினார்கள். நம் பாஷையில் அதற்குப் பெயர் வேலைநிறுத்தம்! ஊரில் பேச்சு கிளம்பியது. அடுத்த ஆட்டத்துக்குப் பாலுவை அழைத்து உப காப்டன் ஆக்கினார்கள். 1923ல் விட்டல் காப்டனாகி, கோப்பையையும் வென்று காட்டினார். கருணையால் வந்த பதவியா அது? மறுத்து நின்றதால் வந்த பதவி!

பாலுவின் அரசியல் வேறு. 1932ல் புனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1937ல் காங்கிரஸ் வேட்பாளராக, சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் டாக்டர் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அந்தப் பாதையை நாம் ஏற்கவில்லை. ஆனாலும் 1955ல் மறையும் வரை அவர் வாழ்ந்த வாழ்க்கை நமக்குப் பாடம்.

இது எங்கோ பம்பாயில் நடந்த பழங்கதை என்று யாரும் எண்ண வேண்டாம். நம் கும்மிடிப்பூண்டி வட்டாரத்து ஆத்துப்பாக்கத்தில், 2020ம் ஆண்டு சுதந்திர தினத்தன்று, மக்கள் தேர்ந்தெடுத்த தாழ்த்தப்பட்ட ஊராட்சித் தலைவியைக் கொடி ஏற்ற விடாமல் தடுத்தார்கள். விஷயம் வெளியே வந்து கண்டனம் எழுந்த பிறகுதான், சில நாட்களில், மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடி ஏற்றினார். வேலை செய்ய விடுவார்கள். ஓட்டுப் போட விடுவார்கள். தலைமை என்று வரும்போதுதான் ஜாதி எழுந்து நிற்கிறது!

ஆகவே தோழர்களே, வேலையை நம்மிடமிருந்தே துவக்குவோம். ஊர்த்தெருவுக்கு ஓர் அணி, காலனிக்கு ஓர் அணி என்ற வழக்கம் நமக்கு வேண்டாம். நிரந்தரத் தொழிலாளியும் காண்டிராக்ட் தொழிலாளியும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த தோழனும் ஒரே அணியில் ஆடட்டும். ஒரே பானைத் தண்ணீரை ஒரே குவளையில் குடிக்கட்டும். ஆட்டம் தெரிந்தவன் எந்தத் தெருக்காரனாயினும் அவனே காப்டன் ஆகட்டும். அப்படி ஆடிப் பழகியவர்களை ஆலை வாயிலில் கங்காணியாலும் பிரிக்க முடியாது. களத்துமேட்டில் மிராசுதாராலும் பிரிக்க முடியாது.

திடலை உருட்டியவனுக்கே திடலில் தலைமை! அந்த நாளை நம் கையால் கொண்டு வருவோம். ஆட்டம் துவங்கட்டும்!